இளம் குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும்: மத்தியஸ்தம் எப்போது பயன் தரும்?

குற்ற வழக்கு என்பது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே நடைபெறுவதாகும். பொருளைப் பறிகொடுத்தவரும் அடிபட்டவரும் அவ்வழக்கில் சாட்சிகளே. அதற்கு மேல் அவர்களுக்கு அங்கே இடமில்லை. எந்த நாளில் வர வேண்டும், எந்தக் கேள்விக்கு விடை கூற வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்கின்றனர். வழக்கு எவ்வாறு முடிந்தது என்பது பல வேளைகளில் அவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதும் இல்லை. நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பூசல் என்பது அதில் சம்பந்தப்பட்டவர்களின் உடைமை என்றும், அதனை அரசும் சட்டத் தொழில் புரிவோரும் அவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டுவிட்டனர் என்றும் வாதிட்டார். குற்றம் இழைத்தவர் சிறுவனாக இருப்பின் இவ்விலகல் மேலும் கூடுகிறது. சிறுவனின் அடையாளம் காக்கப்பட வேண்டும், விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டும், அவனுடைய எதிர்காலமே முதன்மையானது என்பன அனைத்தும் சரியான கொள்கைகளே. ஆயினும், அறைக்கு வெளியே நிற்பவரின் இழப்பை யார் கேட்பது என்ற வினா அப்படியே எஞ்சுகிறது.

இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சிகளுள் ஒன்றே சீரமைப்பு நீதி எனப்படுவது. தண்டனை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர், யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, அதனைச் சரிசெய்யும் கடமை யாருடையது என்று அது கேட்கிறது. தவறிழைத்த சிறுவனும் பாதிக்கப்பட்டவரும், இருவரின் சம்மதத்தின் பேரில், பயிற்சி பெற்ற ஒரு மத்தியஸ்தரின் முன்னிலையில் நேருக்கு நேர் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவது அதன் முக்கிய வடிவமாகும். மாணவர்கள் இங்கு ஒரு சொல் மயக்கத்தைத் தவிர்க்க வேண்டும். நமது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் மீட்டளித்தலைக் குறிக்கும் ஒரு சொல் பல இடங்களில் வருகிறது. அது குழந்தையை அதன் குடும்பத்துடன் மீண்டும் சேர்ப்பதைக் குறிப்பதாகும். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வதை அன்று.

எல்மைராவில் நடந்தது

இம்முறையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கிச்சனர் நகருக்கு அருகில் உள்ள எல்மைரா என்னும் சிற்றூரில் 1974இல் நடந்த நிகழ்ச்சியாகும். 18, 19 வயதுடைய இரு இளைஞர்கள் குடிபோதையில் ஓரிரவு முழுவதும் ஊரைச் சுற்றி வந்து 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். கார்ச் சக்கரங்களைக் கிழித்தனர், சன்னல்களை உடைத்தனர். இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டனர். நன்னடத்தை அதிகாரியாகப் பணியாற்றிய மார்க் யான்சி, இவ்விருவரும் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் நலமாக இருக்கும் என்று நீதிபதிக்கு எழுதினார். சட்டத்தில் அதற்கு இடமிருப்பதாக நீதிபதி முதலில் கருதவில்லை. ஆயினும் பின்னர் வழக்கை ஒரு மாதம் தள்ளிவைத்து, அச்சந்திப்புகளை நடத்தி வருமாறு பணித்தார்.

நிகழ்ச்சியில் பெரிய ஏற்பாடு ஏதுமில்லை. இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர்; யான்சியும் அவருடைய தோழர் டேவ் வொர்த்தும் குறிப்பேட்டுடன் சற்றுத் தள்ளி நின்றனர். ஊரை விட்டுச் சென்றுவிட்ட ஓரிருவரைத் தவிர ஏனைய அனைவரையும் அவர்கள் சந்தித்தனர். மொத்தச் சேதம் சுமார் 2,200 டாலர். அதில் ஏறத்தாழப் பாதியைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈடு செய்திருந்தன. எஞ்சியதை இளைஞர்கள் செலுத்த வேண்டும் என்றும், ஒவ்வொருவரும் 200 டாலர் அபராதம் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. சில மாதங்களில் அவர்கள் மீண்டும் அதே வீடுகளுக்குச் சென்று பணத்தைக் கொடுத்து முடித்தனர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்மைராவில் அபராதமும் இருந்தது, நன்னடத்தைக் கண்காணிப்பும் இருந்தது, நீதிமன்றத்தின் ஆணையும் இருந்தது. சந்திப்பு நீதிமன்றத்தை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமரவில்லை. பின்னாளில் இம்முறையைப் பரப்பியவர்கள் சிலர் இதனை மறந்துவிடுவதுண்டு. 1978இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் நகரில் இதே மாதிரியில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. நார்வே 1981இல் சோதனை முறையில் தொடங்கி, 1991இல் மத்தியஸ்தக் குழுக்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

சந்திப்பு நடைபெறும் முறை

மத்தியஸ்தத்தின் பெரும்பகுதி சந்திப்புக்கு முன்னரே நடைபெறுகிறது. மத்தியஸ்தர் சிறுவனைத் தனியாகக் காண்கிறார். நடந்ததை அவன் மறுக்கிறானா, ஏற்கிறானா என்பது முதலில் தெளிவாக வேண்டும். மறுக்கும் சிறுவனுக்கு மத்தியஸ்தம் உரியதன்று, அவனுக்குரியது விசாரணையே. பிறகு பாதிக்கப்பட்டவரைக் காண்கிறார். அவர் கேட்க விரும்பும் கேள்விகள் யாவை, அஞ்சுவது எதற்கு, எதிர்பார்ப்பது என்ன என்பவற்றை அறிகிறார். இருவரும் மனமுவந்து வந்தால்தான் கூட்டம். கூட்டத்தில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் முதலில் பேசுவார். 'என் வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தாய்? மீண்டும் வருவாயா?' என்பன போன்ற கேள்விகளே மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. நீதிமன்றத்தில் எவரும் கேட்காத கேள்விகள் இவை. விடை பெரும்பாலும் சாதாரணமானதாகவே இருக்கும்: கதவு திறந்திருந்தது, நண்பன் அழைத்தான். அந்தச் சாதாரண விடையைக் கேட்டதனாலேயே பல மாத அச்சம் நீங்குவதுண்டு. அதன் பிறகே இழப்பீடு, வேலை, மன்னிப்பு ஆகியவை பற்றிய பேச்சு தொடங்கும்.

ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூகக் குழு 2002இல் வகுத்த அடிப்படைக் கோட்பாடுகள் இம்முறைக்கு வேலியாக அமைகின்றன. குற்றம் சாட்டுவதற்குப் போதுமான சான்று இருந்தால் மட்டுமே இம்முறையை நாட வேண்டும். சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் அதனைத் திரும்பப் பெறலாம். கலந்து கொண்டதைப் பிற்பாடு குற்ற ஒப்புதலாகப் பயன்படுத்தக் கூடாது. அங்கே பேசப்பட்டவை இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். சான்றில்லாத வழக்கில் சிறுவனை அச்சுறுத்தி 'உடன்பாடு' பெறுவதைத் தடுப்பதே முதல் விதியின் நோக்கம்.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்காவில் மார்க் அம்ப்ரைட் என்பவர் அல்புகர்க்கி, ஆஸ்டின், மினியாபொலிஸ், ஓக்லண்டு ஆகிய நான்கு நகரங்களில் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது. மத்தியஸ்தத்தில் கலந்து கொண்ட பாதிக்கப்பட்டவர்களில் 79 சதவீதத்தினர் தம் வழக்கு கையாளப்பட்ட விதம் குறித்து நிறைவு தெரிவித்தனர்; வழக்கமான முறையில் சென்றோரில் அவ்வாறு கூறியவர்கள் 57 சதவீதத்தினர். மத்தியஸ்தத்தில் ஒப்புக் கொண்ட இழப்பீட்டை முழுவதும் செலுத்திய சிறார் 81 சதவீதம். நீதிமன்றம் ஆணையிட்ட இழப்பீட்டை முழுவதும் செலுத்தியோர் 58 சதவீதம். இரண்டாவது வேறுபாடு பொருளியல் மாணவர்களின் கருத்துக்குரியது. இருவகையினருக்கும் கடன் கடன்தான். ஆனால் அலுவலகத்துக்குச் செலுத்தும் கடனுக்கும், முகம் தெரிந்த ஒருவருக்குச் செலுத்தும் கடனுக்கும் திருப்பிச் செலுத்தும் விருப்பத்தில் வேறுபாடு உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வரலாற்றை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது.

மீண்டும் குற்றம் இழைத்தோர் விகிதம் அவ்வாய்வில் மத்தியஸ்தக் குழுவில் 18 சதவீதமாகவும் மற்றதில் 27 சதவீதமாகவும் இருந்தது. இவ்வெண்களைக் காட்டி மத்தியஸ்தம் குற்றத்தை மூன்றிலொரு பங்கு குறைத்துவிட்டது என்று கூறுவோர் உளர். அவ்வாறு கூறுவதற்கில்லை. அவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று என்பதை ஆய்வே குறிப்பிடுகிறது. மேலும், சந்திப்புக்குச் சம்மதித்த சிறுவன் சம்மதிக்காதவனை விட முன்னரே திருந்தும் மனநிலையில் இருந்திருக்கக் கூடும். எனவே பாதிக்கப்பட்டவரின் நிறைவையும் இழப்பீட்டையும் இம்முறையின் உறுதியான பயன்களாகக் கொண்டு, குற்றக் குறைவைக் கூடுதல் நன்மையாகக் கருதுவதே முறையாகும். அதிகாரிகள் ஒரு திட்டத்தை முன்மொழியும்போது இவ்வரிசையை மாற்றிவிடக் கூடாது. குற்றக் குறைவை வாக்களித்துத் தொடங்கும் திட்டம், அவ்வெண் கிட்டாதபோது மற்றப் பயன்களையும் சேர்த்து இழந்துவிடும்.

நியூசிலாந்தின் அனுபவம்

சோதனைத் திட்டமாக நில்லாமல் நாட்டின் முழு அமைப்பாகவே இம்முறையை ஏற்றது நியூசிலாந்து. 1980களில் அந்நாட்டின் மவோரி மக்களுடைய குழந்தைகள் பெரும் எண்ணிக்கையில் அரசு இல்லங்களில் வைக்கப்பட்டனர். குடும்பத்தையும் குலத்தையும் புறக்கணித்து நடத்தப்படும் இம்முறையை அரசு அமைத்த ஆலோசனைக் குழுவின் 1986ஆம் ஆண்டு அறிக்கை வன்மையாகக் கண்டித்தது. அதனைத் தொடர்ந்து 1989ஆம் ஆண்டு குழந்தைகள், இளைஞர்கள் மற்றும் அவர்தம் குடும்பங்கள் சட்டம் நிறைவேறியது. இன்று அது ஒரங்கா தமரிக்கி சட்டம் என்ற பெயரில் வழங்குகிறது.

அச்சட்டத்தின் மையம் குடும்பக் குழு மாநாடு. கொலை முதலிய சில குற்றங்கள் நீங்கலாக, நீதிமன்ற நடவடிக்கைக்கு உரியதாகக் கருதப்படும் இளைஞர் வழக்குகளில் இம்மாநாடு கூட்டப்படுகிறது. அரசு ஊழியரான ஒருங்கிணைப்பாளர் அதனைக் கூட்டுகிறார். சிறுவன், பெற்றோர், உற்றார், பாதிக்கப்பட்டவர் அல்லது அவருடைய பிரதிநிதி, காவல் துறையினர் ஆகியோர் வருகின்றனர். நடந்தது படிக்கப்படுகிறது, பாதிக்கப்பட்டவர் பேசுகிறார். அதன் பின் ஒரு சிறப்பான ஏற்பாடு உண்டு: மற்ற அனைவரும் வெளியேற, குடும்பத்தினர் மட்டும் தனித்திருந்து ஆலோசித்து ஒரு திட்டத்தை வகுக்கின்றனர். பெரியப்பனும் பாட்டியும் அங்கே சொல்வது, மாஜிஸ்திரேட்டின் எச்சரிக்கையை விட அச்சிறுவனின் மனத்தில் தைக்கும் என்பது அதன் எண்ணம். பிறகு அனைவரும் கூடி அத்திட்டத்தை ஏற்கவோ திருத்தவோ செய்கின்றனர்.

இவ்வளவு சிறந்த அமைப்பின் குறையை எடுத்துக் காட்டியதும் அந்நாட்டு ஆய்வே. கேப்ரியேல் மாக்ஸ்வெல், ஆலிசன் மாரிஸ் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதிக்கப்பட்டவர் எவரேனும் கலந்து கொண்ட மாநாடுகள் பாதிக்கும் குறைவு. காரணம் கேட்டபோது, சிறுவனைச் சந்திக்க விருப்பமில்லை என்று கூறியவர்கள் மிகச் சிலரே. நூற்றுக்கு ஆறு பேர். மற்றவர்களுள் சிலர் அழைக்கப்படவே இல்லை. சிலருக்கு அழைப்புத் தாமதமாகக் கிடைத்தது. சிலருக்குக் குறிக்கப்பட்ட நேரம் ஒத்துவரவில்லை. ஆக, தடை மனத்தில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது. கலந்து கொண்டவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தாம் வந்தபோது இருந்ததை விட மோசமான மனநிலையுடன் திரும்பியதாகக் கூறினர். சிறுவனின் வருத்தம் உண்மையானதாகத் தோன்றவில்லை என்பது ஒரு காரணம். கூட்டத்துக்குப் பின்னர் என்ன நடந்தது என்று எவரும் தெரிவிக்காததும் அவர்களின் குறையாக இருந்தது.

சிறுவனின் நலனுக்காக நடத்தப்படும் கூட்டத்தில் பாதிக்கப்பட்டவர் ஒரு கருவியாக மட்டும் அழைக்கப்படுவாராயின், அவர் இரண்டாம் முறையும் இழப்புக்கு ஆளாகிறார். முதலில் பொருளை இழந்தார். இப்போது நாளையும் மன அமைதியையும் இழக்கிறார்.

இந்தியச் சட்டத்தில் உள்ள வாயில்கள்

இந்தியாவில் சிறாருக்கெனத் தனி நீதி முறை 1920ஆம் ஆண்டு சென்னைக் குழந்தைகள் சட்டத்துடன் தொடங்கிற்று எனலாம். பின்னர் வங்காளமும் பம்பாயும் தத்தம் சட்டங்களை இயற்றின. நாடு முழுமைக்குமான சட்டம் 1986இலும், அதனைத் தொடர்ந்து 2000இலும் 2015இலும் வந்தன. இடையே, சிறார் நீதி நிர்வாகத்துக்கான ஐக்கிய நாடுகளின் பெய்ஜிங் விதிகள் 1985இல் ஏற்கப்பட்டன. வழக்கு நடவடிக்கையிலிருந்து சிறாரை விலக்கி வேறு வழியில் செலுத்த ஊக்கமளிக்கும் அவ்விதிகள், அதற்கான சமுதாயத் திட்டங்களுள் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு அளிப்பதையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றன. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பதினாறு பொதுக் கோட்பாடுகளை வகுக்கிறது. அவற்றுள் பதினைந்தாவது, குழந்தையின் அல்லது சமுதாயத்தின் நலனுக்கு மாறாக இல்லாதவிடத்து, நீதிமன்ற நடவடிக்கையை நாடாமல் வேறு வழிகளில் சிறாரைக் கையாளுதல் ஊக்குவிக்கப்பட வேண்டும் என்ற கருத்தைக் கொண்டது. மத்தியஸ்தத்துக்கு இதைவிடத் தெளிவான அடிப்படை வேண்டியதில்லை. ஆனால் பதினாறில் ஒன்று கூடப் பாதிக்கப்பட்டவரைப் பற்றியதாக இல்லை. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு இளைஞர் நீதிக் குழுமம் பிறப்பிக்கக் கூடிய ஆணைகளைக் கூறுகிறது: அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புதல், குழு ஆலோசனை, சமுதாயப் பணி, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, இறுதியாகச் சிறப்பு இல்லம். இவற்றுள் அபராதம் கருவூலத்துக்குரியது. பொருளை இழந்தவரிடம் அது தானாகச் சென்று சேர்வதில்லை.

விதிகள் மட்டத்திலும் வாயில் திறந்தே உள்ளது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் சாட்டப்பட்டாலன்றி, அல்லது வயதுவந்தோருடன் சேர்ந்து செய்தாலன்றி, சிறுவன் மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படுவதில்லை. நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையுடன் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். சிறு குற்ற விசாரணை நான்கு மாதங்களிலும், நீட்டிப்புப் பெற்றால் மேலும் இரண்டு மாதங்களிலும் முடியவில்லையெனில் நடவடிக்கையே முடிவுக்கு வந்துவிடும். சிறுவனுக்கு இது நல்ல பாதுகாப்பு. பாதிக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால், ஆறு மாதம் கழித்துக் கோப்பு மூடப்படுகிறது. அவருக்குக் கிடைத்தது ஏதுமில்லை.

வேறு சட்டங்களும் துணை நிற்கின்றன. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்படுபவர் இழப்பீடு செலுத்துமாறு ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. திருட்டு போன்ற சில குற்றங்கள் பொருளின் உரிமையாளர் இசைந்தால் சமரசமாக முடிக்கத் தக்கவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதனையோ அதன் மதிப்பையோ திரும்ப அளித்தால், தண்டனையாகச் சமுதாயப் பணியை வகுக்கிறது. திருப்பி அளித்தலைத் தண்டனையின் வகையுடன் இணைத்த இவ்விதி வயதுவந்தோர்க்குரியதாயினும், சட்டம் செல்லும் திசையைக் காட்டுகிறது. 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டமோ சமரசத்துக்குரிய குற்றங்களை நீதிமன்றம் அனுப்பி வைப்பதற்கு இடம் தந்தாலும், குற்ற வழக்குகளையும் மைனர்களுக்கு எதிரான கோரிக்கைகளையும் தன் எல்லைக்கு வெளியே வைத்துள்ளது. எனவே மத்தியஸ்தம் இங்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் நிழலிலேயே வளர வேண்டும்.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு வழக்கைக் கற்பனை செய்து கொள்ளலாம். ஒரு மாவட்டத் தலைநகரில், தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் பெண்ணின் மின்னணுத் தராசை மெக்கானிக் கடையில் வேலை செய்யும் 16 வயதுச் சிறுவன் இரவில் எடுத்துச் சென்று, பழைய இரும்புக் கடையில் 400 ரூபாய்க்கு விற்றுவிடுகிறான். தராசின் விலை 3,500 ரூபாய் எனக் கொள்வோம். காவல் துறைப் பதிவில் இழப்பு அதுவே. ஆனால் புதுத் தராசு வாங்கும் வரை இருபது நாள் வாடகைத் தராசு, நாளொன்றுக்கு 40 ரூபாய் வீதம் 800. காவல் நிலையத்துக்கும் குழுமத்துக்கும் சென்றதில் இரண்டு நாள் வியாபாரம் கெட்டது, 1,200. ஆக உண்மை இழப்பு 5,500 ரூபாய். முதல் எண் பொருளின் விலை. இரண்டாவது எண் பிழைப்பின் விலை. இரண்டாவது எண்ணை அப்பெண் பேசினாலன்றி எவரும் அறிய இயலாது. மத்தியஸ்தத்தின் பொருளாதாரப் பயன் இங்கேதான் உள்ளது.

இழப்பை அறிந்த பின் அதனை ஈடு செய்யும் வழி எது? தந்தை கடன் வாங்கி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் பெண்ணுக்கு நிவாரணம் கிடைக்கும். சிறுவன் ஒன்றும் செய்தவன் ஆகான். வீட்டில் வட்டிச் சுமை ஏறும். சிறுவன் தன் கூலியில் மாதந்தோறும் ஒரு சிறு பகுதியைச் செலுத்துவது மேல். பணத்துக்குப் பதிலாக அவன் அப்பெண்ணிடமே சில மாதங்கள் வேலை செய்யட்டும் என்று யாரேனும் யோசனை கூறக் கூடும். மேலைநாட்டு நூல்களில் இது இயல்பாக எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டில் இதனை மிகுந்த எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். கடனுக்காக உழைப்பை ஈடு வைக்கும் முறையை ஒழிக்கவே 1976இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மணிக்கணக்கும் முடிவு நாளும் எழுதப்படாத 'ஈடு செய்யும் வேலை' அந்தப் பழைய வாயிலுக்கே கொண்டு செல்லும். நேர வரம்புடன், கண்காணிப்புடன், பொது இடத்தில் செய்யும் பணியே ஏற்புடையது.

இரும்புக் கடைக்காரரை இக்கூட்டத்துக்கு எவரும் அழைப்பதில்லை. இவ்வழக்கில் இலாபம் அடைந்தவர் அவர் ஒருவரே. திருட்டுப் பொருள் என்று அறிந்து அவர் வாங்கியிருந்தால் அது வயதுவந்தவரின் தனிக் குற்றம். அதனைச் சிறுவனின் உடன்பாட்டுக்குள் மறைத்துவிடக் கூடாது.

பஞ்சாயத்தும் மத்தியஸ்தமும்

பேசித் தீர்த்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று என்றும், கிராமப் பஞ்சாயத்துகள் இதனையே செய்து வந்தன என்றும் கூறுவோர் பலர். இவ்வொப்புமை பாதி உண்மை, மறுபாதி ஆபத்தானது. ஊர்ப் பஞ்சாயத்தில் அமர்ந்தவர்கள் இரு தரப்பினருக்கும் சமமானவர்களாக இருந்ததில்லை. சாதி, நிலம், கடன் ஆகியவற்றின் எடை அங்கே பேச்சின் எடையை நிர்ணயித்தது. தமிழ்நாட்டின் கட்டப்பஞ்சாயத்துகளையும் வடமாநிலங்களின் காப் பஞ்சாயத்துகளையும் சட்ட விரோதமானவை என உச்ச நீதிமன்றம் 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கண்டித்தது. காவல் நிலையத் திண்ணையில் 'பேசி முடித்து' அனுப்புவதும் மத்தியஸ்தம் ஆகாது. அங்கே சிறுவன் அடிக்கு அஞ்சிச் சம்மதிக்கிறான். பாதிக்கப்பட்டவர் அலைச்சலுக்கு அஞ்சிச் சம்மதிக்கிறார்.

ஆகவே எவ்வழக்குகள் இம்முறைக்கு உரியவை அல்ல என்பதை முன்கூட்டியே வரையறுத்தல் அவசியம். பாலியல் வன்முறை வழக்குகளில் சமரசத்துக்கு இடமேயில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் மத்தியப் பிரதேச அரசு எதிர் மதன்லால் வழக்கில் உறுதியாகக் கூறியது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமை வழக்குகளில், 'மன்னித்துவிடு' என்று பாதிக்கப்பட்டவரைக் கூட்டமாகச் சூழ்ந்து கேட்பதே ஒரு வன்கொடுமையாகிவிடும். சிறுவன் ஏழையாகவும் பாதிக்கப்பட்டவர் செல்வராகவும் இருக்கும் மறுதலை நிலையும் உண்டு. வீட்டு வேலைக்கு வந்த சிறுமி மீது நகைத் திருட்டுப் புகார் எழும்போது, சான்றே இல்லாமல் ஒப்புதலும் இழப்பீடும் பெறப்படும் வாய்ப்பு மிகுதி. சான்று முதலில், மத்தியஸ்தம் பிறகு என்ற ஐ.நா. கோட்பாடு இத்தகைய சிறுமியைக் காப்பதற்கே.

யார் செய்வது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் சிறார் மீதான வழக்குகள் ஆண்டொன்றுக்கு முப்பதாயிரத்தைச் சற்று மேற்பட்டிருந்தன. பிடிக்கப்பட்டோரில் நான்கில் மூன்று பங்கினர் 16 முதல் 18 வயதினர். நாட்டின் மக்கள் தொகையை நோக்க இது பெரிய எண்ணன்று. இவற்றுள் மத்தியஸ்தத்துக்கு ஏற்றவை ஒரு மாவட்டத்துக்கு ஆண்டில் சில பத்துகளாகவே இருக்கக் கூடும். கட்டடமோ புதிய துறையோ தேவைப்படாத அளவு இது. தேவைப்படுவது ஆள்.

இன்றுள்ள ஏற்பாட்டில் நன்னடத்தை அலுவலர் சிறுவனின் குடும்பம், கல்வி, நட்பு ஆகியவற்றை விசாரித்துப் பதினைந்து நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கையைக் குழுமத்துக்கு அளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரைக் காண்பது அவ்வறிக்கையின் நோக்கமன்று. அவரையே மத்தியஸ்தராகவும் அமர்த்தலாம் என்ற யோசனை சிக்கனமானது, சரியானதன்று. சிறுவனின் நலனை எழுதும் கடமையுடையவர் இரு தரப்புக்கும் நடுவில் அமர இயலாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுக்களில் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் உள்ளனர். ஆனால் அவர்களுடைய பழக்கம் சொத்துத் தகராறும் குடும்பத் தகராறும் ஆகும். இரு தரப்பும் சற்று விட்டுக் கொடுக்கச் செய்வது அங்கே திறமை. இங்கே பொருளை இழந்தவர் விட்டுக் கொடுப்பதற்கு ஏதுமில்லை. எனவே அவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். குழுமத்தில் மாஜிஸ்திரேட்டுடன் அமரும் இரு சமூகப் பணியாளர்கள் எவ்வழக்கை அனுப்புவது என்று தேர்வதில் உதவலாம்.

உடன்பாட்டின் நிறைவேற்றத்தைக் கவனிப்பது பெரும்பாலும் மறக்கப்படும் வேலை. மேற்கூறிய காய்கறி வியாபாரி முதல் இரு தவணைகளைப் பெற்று, மூன்றாவது வராவிட்டால் யாரிடம் கேட்பார்? சிறுவனின் வீட்டுக்கு அவர் செல்லக் கூடாது. சிறுவனின் அடையாளத்தைக் காக்கும் 74ஆம் பிரிவு பலரறியக் கேட்பதற்கும் இடந்தராது. தவணைகளைப் பெற்று வழங்கும் ஒரு பதிவேடும், தவறினால் குழுமத்துக்கு அறிவிக்கும் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் உடன்பாட்டுத் தாளிலேயே எழுதப்பட வேண்டும். கூட்டத்துக்கு வரும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் திட்டச் செலவில் சேர்க்கப்பட வேண்டும். கூட்ட நேரம் வியாபாரம் முடியும் வேளைக்குப் பிறகு குறிக்கப்பட வேண்டும். நியூசிலாந்தில் வர மனமிருந்தும் வர இயலாமற்போனவர்களைத் தடுத்தவை இத்தகைய சிறு செய்திகளே. இங்கு அவற்றுக்கான தொகை ஒரு வழக்குக்குச் சில நூறு ரூபாய். அதனை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதற்கே இன்னும் ஆணை பிறக்க வேண்டியுள்ளது.